தொண்ணூற்றெட்டு ஆக்டேன் வயிற்றெரிச்சல்

ஒரு சனிக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, காதுக்காரர் ஒரு சபதம் எடுத்தார். தொண்ணூற்றெட்டு ஆக்டேன் பெட்ரோலைத் தன் தெருமுனைக்கே கொண்டுவந்து இறக்கிவிடுவது. அதுவரை ஓய்வதில்லை. நுரையைத் துப்பினால் சபதத்தின் வேகம் குறைந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் அப்படியே கண்ணாடி முன்னால் நின்றார்.

ஒரு மனுஷன் பெட்ரோலுக்காகச் சபதம் போடுவானா என்று கேட்காதீர்கள். பெட்ரோலுக்காக யார் போட்டது? பெண்டாட்டிக்காகப் போட்டது. அதைச் சொல்ல அந்த வீட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காதுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். காது மந்தமானவர்களைப் பரிசோதித்துக் காது மெஷின் பொருத்துவது அவர் தொழில். மனைவி பல் டாக்டர். ஆக, ஊர்க் காதெல்லாம் இவர் கையில், ஊர் வாயெல்லாம் அந்த அம்மா கையில். வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். வாய் அந்த அம்மாவுக்கு, காது இவருக்கு.

இருபது வருஷம் பல் பிடுங்கின களைப்புக்கு டாக்டரம்மா தனக்குத் தானே ஒரு பரிசு கொடுத்துக்கொண்டார். எலுமிச்சம்பழ மஞ்சளில் ஒரு டர்போ கார். இரண்டே இருக்கை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஏறுவது என்று ஒன்று கிடையாது, விழுவதுதான் உண்டு. இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். சாவி டாக்டரம்மாவின் கைப்பையில். காதுக்காரருக்கு இரண்டாவது இருக்கை. பக்கத்தில் அவருடைய பழைய மூன்று சிலிண்டர் வண்டி, பெரிய மனுஷர் வீட்டுக் கல்யாணத்தில் பழைய சட்டையோடு வந்த உறவுக்காரர் மாதிரி நின்றது.

கார் வந்த முதல் நாளே காலை உணவு மேஜையில் பேச்சு எழுந்தது.

"முனை பங்க்லயே பெட்ரோல் போட்டுக்கலாமே?" என்றார் காதுக்காரர்.

"அங்கே தொண்ணூத்தொண்ணுதான் இருக்கு. இதுக்குத் தொண்ணூத்தெட்டு வேணும்."

"ஏழு மார்க்குல என்ன வந்துடப் போகுது?"

"மார்க் இல்லைங்க, ஆக்டேன். டர்போ இருக்கே, அது காத்தை அமுக்கி அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்கும். அந்த அமுக்கு தாங்காம, மட்டமான பெட்ரோல் பொறி வர்றதுக்கு முந்தியே தானா பத்திக்கும். உள்ளே டொக்கு டொக்குன்னு தட்டும். தட்டினா இன்ஜின் தானே பயந்து வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கப்புறம் இவ்வளவு பெரிய வண்டி வாங்கி என்ன பிரயோஜனம்?"

"உசந்த பெட்ரோல்?"

"எவ்வளவு அமுக்கினாலும் பொறுமையா இருக்கும். பொறி வந்தப்புறம்தான் பத்தும்."

"என்னை மாதிரின்னு சொல்லு."

டாக்டரம்மா தலை நிமிர்ந்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல் அவரைப் பார்த்தார். "நீங்க தொண்ணூத்தொண்ணுகூட இல்லைங்க. மண்ணெண்ணெய்."

தொண்ணூற்றெட்டு கிடைக்கிற ஒரே பங்க் பைபாஸ் தாண்டி எங்கேயோ இருந்தது. போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். சனிக்கிழமை காலைதான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு. ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து, அவர் படிப்பதை இவர் பிடுங்க, இவர் படிப்பதை அவர் பிடுங்க, காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பதினேழு வருஷமாக நடந்துவந்த சுகம். இப்போது அந்த நேரத்தில் காதுக்காரருக்கு முழுச் செய்தித்தாளும் கிடைத்தது. பிடுங்க ஆளில்லாத பேப்பரில் ஒரு செய்திகூட ருசிக்கவில்லை.

அது போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, டாக்டரம்மா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். பதினேழு வருஷத்தில் அவர் முணுமுணுத்ததெல்லாம் காதுக்காரரைப் பற்றித்தான். மெட்டோடு முணுமுணுத்தது இல்லை. காதுக்காரர் எழுந்து போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"முன் கண்ணாடி பளபளன்னு இருக்கே."

"ஆமா. துடைச்சிருக்கு."

"எங்கே?"

"பங்க்லதான்."

"பங்க்லன்னா? பங்க்ல ஒரு ஆள்தானே துடைக்கணும்?"

"நீங்க சொன்னா சரிதான்."

"இளவயசா?"

"பெட்ரோல் போடற இடத்துல பொறந்த தேதியா கேட்பாங்க?"

"உயரமா?"

"நான் என்ன அளவெடுக்கவா போனேன்?"

"மீசை?"

"இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க?"

இருக்கிறது என்று காதுக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்," என்று டாக்டரம்மா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அங்கே போட்டா அவசரமே இல்லைங்க. நின்னு, நிதானமா, ஒரு சொட்டு சிந்தாம. மனசுக்கு எவ்வளவு திருப்தியா இருக்கு தெரியுமா?"

காதுக்காரருக்குக் காதில் புகை வந்தது. அவர் தொழிலுக்கு அது நல்லதல்ல.

அதன் பிறகு அந்த ஆள் வளர ஆரம்பித்தான். முதல் வாரம் ஐந்தடி எட்டங்குலமாக இருந்தான். இரண்டாம் வாரம் ஐந்து பத்து. மீசை முதலில் மெல்லிசாக இருந்தது. பிறகு அடர்ந்து, நுனி முறுக்கிக்கொண்டது. நான்காம் வாரம் அவன் ஆறடியைத் தொட்டபோது, காது பரிசோதிக்க வந்த ஒரு தலைமை குமாஸ்தா அதே உயரத்தில் அதே மீசையோடு எதிரே உட்கார்ந்தார். பாவம், அவருடைய நல்ல காதுக்குள் காதுக்காரர் வேண்டிய மட்டும் சத்தத்தைக் கூட்டிவைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்.

ஐந்தாம் வாரம் பின்தொடர்ந்து போவது என்று தீர்மானமாயிற்று. டாக்டரம்மா கிளம்பி அரை நிமிஷம் கழித்து மூன்று சிலிண்டரை எடுத்தார். முதல் சிக்னல் வரை மஞ்சள் கார் கண்ணில் பட்டது. இரண்டாவது சிக்னலில் பச்சை விழுந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு விசில். அவ்வளவுதான், மஞ்சள் போன இடத்தில் வெறும் தெரு இருந்தது. காதுக்காரர் மிதித்த மிதியில் மூன்று சிலிண்டரில் ஒன்று கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. மீதி இரண்டு சிலிண்டரோடு, பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரின் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

பங்க் இருக்கும் இடம்தான் தெரியுமே, தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். ஆனால் உள்ளூர ஒரு பயம். போய்ப் பார்த்து, அவன் நிஜமாகவே அழகாக இருந்து தொலைத்தால்? இப்போதாவது பாதி ராத்திரி தூக்கம் வருகிறது. அதனால் அவனைப் பார்க்காமலேயே ஒழிக்க வழி தேடினார். அப்படிப் பிறந்ததுதான் பற்பசைச் சபதம். பெட்ரோல் தெருமுனைக்கு வந்துவிட்டால் பைபாஸ் எதற்கு? பைபாஸ் இல்லையென்றால் அவன் எதற்கு?

வாயைக் கொப்பளித்த கையோடு முனை பங்க்குக்குப் போனார். அதன் முதலாளியம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு பக்கக் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தெட்டு வரவழைச்சுப் போடுங்கம்மா," என்றார் காதுக்காரர்.

முதலாளியம்மா வெளியே நின்ற மூன்று சிலிண்டரை எட்டிப் பார்த்தார். "இதுக்கா? பாவங்க, அதிர்ச்சியில போயிடும்."

"எனக்கு இல்லைம்மா. பொதுநலம்."

"பொதுநலத்துக்குப் பூமிக்கடியில ஒரு தொட்டி சும்மாதான் கிடக்கு. ஆனா லாரி வந்து ரொப்பிட்டுப் போனா, நாளுக்கு நாள் அது குறையணும். வாங்க ஆளில்லாம கிடந்தா பெட்ரோல் பழசாப்போகும். இந்த வட்டாரத்துல டர்போ வண்டி வெச்சிருக்கிறவங்க நாப்பது பேர், இங்கேதான் போடுவோம்னு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மறுவாரமே லாரி வரும்."

"நாப்பது டர்போவை நான் எங்கே போய்த் தேடறது? வண்டி மேல எழுதியா வெச்சிருக்காங்க?"

"எழுதியிருக்கிறதுல பாதி சும்மா ஒட்டினது. எழுதாததுலதான் நிஜம் இருக்கு." முதலாளியம்மா கையை மாற்றிக் கன்னத்தைத் தாங்கினார். "காதை வெச்சுப் பிழைக்கிறவரு. என்கிட்ட வந்து கேக்கறீங்களே."

காதுக்காரருக்கு அங்கேயே மூளையில் விளக்கு எரிந்தது. எத்தனை வருஷம் மற்றவர்களுக்கு பீப் சத்தம் வைத்துக் கழித்திருப்பார். டர்போ வண்டி வேகமெடுத்தால் மெல்லிசாக ஒரு விசில். காலை எடுத்தால் 'ப்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. சாதாரண ஆள் கவனிக்கவே மாட்டான். இவருக்கோ அடுத்த தெருவில் வந்தாலே தெரியும், எந்த வீட்டில் போய் நிற்கிறது என்பதும் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு நாற்சந்தியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விசில் கேட்ட திக்கில் ஓடினார். சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு வாஷர் மாற்றச் சொன்னால் 'ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்' என்கிற மனுஷர் இவர். இப்போது செருப்பு தேயத் தெருத் தெருவாக அலைந்தார். வயிற்றெரிச்சலுக்கு அப்படி ஒரு சக்தி. மைலேஜும் அதிகம்.

வேட்டையில் முதலில் விழுந்தவர் ஒரு வக்கீல்.

"யாரு நீங்க? காலங்கார்த்தால?"

"சார், உங்க கார் டர்போதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூச்சு விடறதுல தெரிஞ்சுது. என்ன பெட்ரோல் போடறீங்க?"

"முனையில கிடைக்கிறதைத்தான்."

"போச்சு. ஏத்தத்துல போகும்போது டொக்கு டொக்குன்னு சத்தம் வருதா?"

"ஒரு சத்தமும் வரலையே."

காதுக்காரர் விடவில்லை. வக்கீலை ஓட்டச் சொல்லி, வக்கீல் வீட்டு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, மேம்பாலத்துக்கு அழைத்துப் போனார். பழக்கதோஷம், தன் கடையில் சொல்வதையே இங்கேயும் சொன்னார்: "சத்தம் கேட்ட உடனே கை தூக்குங்க."

ஏற்றத்தில் வக்கீல் நன்றாக மிதித்தார். காதுக்காரருக்குத் தெளிவாகக் கேட்டது. பின் இருக்கையில் வக்கீல் வீட்டு அம்மாவின் கை உயர்ந்தது. வக்கீலின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

"இப்பவுமா கேட்கலை?" என்றார் காதுக்காரர்.

"என்ன கேட்கலை?"

"அவருக்கு ரெண்டு வருஷமா எதுவுமே கேட்கலைங்க," என்றார் பின்னாலிருந்து அந்த அம்மா. "நான் சொன்னா, நீ முணுமுணுக்கறேங்கறார்."

வக்கீல் மனுவில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கடைக்கு வந்து காது மெஷினுக்கும் அளவு கொடுத்தார். அதற்கடுத்த நாள் போன் பண்ணி, இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேனே ஐயா என்று புலம்பினார்.

இப்படியே ஒரு பேக்கரிக்காரர், ஒரு நீச்சல் பயிற்சிக்காரி, பூச்சி மருந்து கம்பெனி மேனேஜர், இரட்டைப் பிள்ளைகள் பெற்ற ஒரு தம்பதி என்று மேம்பாலத்தில் ஊர்வலம் போனது. ஒரு மாதம். ஒன்றரை மாதம். முப்பத்தொன்பது கையெழுத்து சேர்ந்தது. நாற்பதாவது மட்டும் சிக்கவே இல்லை. ஒரு வாரம் நாற்சந்தியில் கண்ணை மூடி நின்றும், வந்ததெல்லாம் குக்கர் விசில். அதற்குள் இன்னொரு சனிக்கிழமை வந்தது. டாக்டரம்மா பளபளக்கும் கண்ணாடியோடும் புது மெட்டோடும் திரும்பினார். காதுக்காரருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. முப்பத்தொன்பதைச் சுருட்டிக்கொண்டு முதலாளியம்மாவிடம் ஓடினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் குறையுது. கருணை காட்டுங்கம்மா."

முதலாளியம்மா எண்ணிப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரை இழுத்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து மேலே வைத்தார். "ஒண்ணும் குறையலை. நாப்பதாவது என்கிட்ட மூணு மாசமா இருக்கு."

மருந்துச் சீட்டுத் தாள். மேலே டாக்டரம்மாவின் பெயரும் பட்டமும் அச்சாகியிருந்தன. கீழே அவர் கையெழுத்து. நடுவில், நோயாளிகளுக்கு ஒருநாளும் எழுதாத அளவு தெளிவான எழுத்தில் இப்படி இருந்தது:

'நாற்பது பேரில் முதல் பெயர் என்னுடையது. மீதி முப்பத்தொன்பது பேரைச் சேர்த்துத் தர என் வீட்டில் ஒருவர் இருக்கிறார். கூர்மையான காது. வேலை சொன்னால் செய்யமாட்டார். வயிறு எரிந்தால் ஊரையே புரட்டிவிடுவார். எரியவைப்பது என் பொறுப்பு.'

காதுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தேதியைப் பார்த்தார். முன் கண்ணாடி முதல் முதலாகப் பளபளத்த சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"என் கடைவாய்ப்பல் வேலை அவங்ககிட்ட பாதியில நிக்குதுங்க. நான் எப்படி வாயைத் திறக்கறது?"

வீட்டுக்குப் போய் டாக்டரம்மா முன்னால் அந்தத் தாளை வைத்தார். டாக்டரம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே," என்றார் காதுக்காரர்.

"கேட்டேனே. நீங்க பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க. ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னீங்க."

காதுக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சரி, இவள் ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் போகட்டும், கட்டின பெண்டாட்டிதானே. அந்த ஆறடி மீசைக்காரன் தோற்றானா இல்லையா? இனிமேல் சனிக்கிழமை பாதிப் பேப்பர். அவன் வேறு யாருடைய கண்ணாடியையாவது துடைத்துக்கொள்ளட்டும்.

சொன்னபடி லாரி வந்தது. புது பம்ப் திறந்த சனிக்கிழமை காலை, காதுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு மஞ்சள் காரின் இரண்டாவது இருக்கையில் விழுந்தார். இரண்டே நிமிஷத்தில் பங்க். வக்கீலும் பேக்கரிக்காரரும் வரிசையில் நின்று கையசைத்தார்கள். மாப்பிள்ளை மிடுக்கோடு காதுக்காரரும் பதிலுக்குக் கையசைத்தார்.

பம்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான். ஆறடி இருப்பான். நுனி முறுக்கிய மீசை. கையிலிருந்த துணியை ஒரு உதறு உதறி, முன் கண்ணாடியை மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் துடைத்தான். பிறகு குனிந்து, "தொண்ணூத்தெட்டுதானே டாக்டர்?" என்று சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. இத்தனை வாரம் கற்பனை பண்ணியும் காதுக்காரர் அவனுக்குக் குழி வைத்திருக்கவில்லை.

"நின்னு நிதானமா போடுங்க," என்றார் டாக்டரம்மா, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு.

"யாரு இவன்?" என்று காதுக்காரர் பல்லைக் கடித்தார்.

"புது பம்புக்குன்னே தேடிப் பிடிச்சேன்," என்றார் கூண்டிலிருந்து முதலாளியம்மா. "நீங்க சேர்த்துக் கொடுத்த நாப்பது பேரையும் நல்லா கவனிக்கணுமே."

காதுக்காரர் மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்தார். கடைசியாக ஒரு ஆறுதலைத் தேடிப் பார்த்தார். "அந்த பைபாஸ் பங்க்காரனை விட இவன் ஒரு மாத்து கம்மிதான், இல்லே?"

"எந்தப் பங்க்காரனுங்க? அங்கே ஆளே கிடையாது. கார்டைச் செருகி, பெட்ரோலும் நாமளே போட்டுக்கணும், கண்ணாடியும் நாமளே துடைச்சுக்கணும். எனக்குன்னு ஒரு ஆள் நின்னு போட்டுவிடறது இன்னைக்குத்தான் முதல் தடவை," என்றார் டாக்டரம்மா. "எல்லாம் உங்க புண்ணியம்."